செல்வமகள் கணக்கில் எந்த வயது எதற்கு?

"பொண்ணுக்கு 21 வயசானா மொத்தப் பணமும் கைக்கு வந்துடும்ல?" செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க வரும் பெற்றோர் பலர் கவுன்ட்டரில் கேட்கும் கேள்வி இது. வராது. 21 என்பது கணக்கின் வயது. மகளுக்கு 1 வயதில் தொடங்கிய கணக்கு அவளுடைய 22ஆம் வயதில் முதிரும். 9 வயதில் தொடங்கினால் அவளுக்கு 30 வயதாகும்போதுதான் முதிரும். இது தெரியாமல், கல்லூரிக் கட்டணத்துக்கு முழுத் தொகையும் வரும் என்று நம்பியிருந்துவிட்டு, சேர்க்கை நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்க முடியாது என்று கேள்விப்பட்டுக் கையைப் பிசைந்து நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

இந்தக் கணக்கில் மூன்று காலக்கணக்குகள் ஒன்றாக ஓடுகின்றன. மகளின் வயது ஒன்று, கணக்கின் வயது ஒன்று, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டு ஒன்று. ஒவ்வொரு விதியும் இந்த மூன்றில் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசின் சுகன்யா சம்ருத்தி திட்டம்தான் தமிழ்நாட்டில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்று அழைக்கப்படுகிறது. 2015 ஜனவரி 22 அன்று ஹரியானாவின் பானிபட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பவை 2019 டிசம்பரில் வந்த விதிகள். அஞ்சலகத்திலும் தொடங்கலாம், அரசு வங்கிகளிலும் சில தனியார் வங்கிகளிலும் தொடங்கலாம். எங்கே தொடங்கினாலும் வட்டியும் விதியும் ஒன்றுதான். வங்கியில் கட்டினாலும் பணம் போய்ச் சேர்வது அரசின் கணக்குக்கு. ஆகவே வங்கி வைப்புகளுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீட்டு வரம்பைப் பற்றி இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. அசலுக்கும் வட்டிக்கும் பொறுப்பு அரசே.

மகளின் வயது: 10, 18

மகளுக்கு 10 வயது நிறைவதற்குள் கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். பத்தாவது பிறந்தநாள் தாண்டிவிட்டால் வழியில்லை. பெற்றோரில் ஒருவரோ சட்டப்படியான காப்பாளரோ தொடங்கலாம். மகள் இந்தியாவில் வசிப்பவளாக இருக்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு ஒரே கணக்கு. அஞ்சலகத்தில் அப்பா ஒன்று, வங்கியில் அம்மா ஒன்று என்று இரண்டு தொடங்கினால் இரண்டாவது முறைகேடான கணக்கு. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு மட்டும் தொடங்கலாம். முதல் பெண்ணுக்குப் பிறகு இரண்டாவது பிரசவத்தில் இரட்டைப் பெண்கள் பிறந்தால் மூவருக்கும் தொடங்க விதியில் இடமுண்டு. பிறப்புச் சான்றிதழ்களோடு ஓர் உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். முதல் பிரசவத்திலேயே மூன்று பெண்கள் என்றாலும் அப்படித்தான். ஆனால் முதல் பிரசவத்தில் இரட்டைப் பெண்கள் பிறந்து அடுத்ததாக இன்னொரு பெண் பிறந்தால் அந்த மூன்றாவது குழந்தைக்குக் கணக்கு கிடையாது. இந்த நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை.

தாத்தா பாட்டி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பேத்தி மேல் உள்ள பாசத்தில் தாத்தாவே காப்பாளராகக் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய கணக்குகள் நிறைய உண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்போது, நீதிமன்றம் காப்பாளராக நியமிக்காத தாத்தா பாட்டிக்கு அந்த உரிமை இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிதி அமைச்சகத்தின் வழிகாட்டுதல், இப்படிப்பட்ட கணக்குகளில் காப்பாளர் பெயரைப் பெற்றோருக்கு மாற்றச் சொல்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாஸ்புக் இருந்தால், மகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பான் அட்டை ஆகியவற்றோடு கணக்கு உள்ள கிளைக்குப் போய் மாற்றிவிடுங்கள். தாத்தா பணம் தருவதில் எந்தத் தடையும் இல்லை. கையெழுத்து மட்டும் பெற்றோருடையதாக இருக்க வேண்டும்.

மகளுக்கு 18 நிறைந்ததும் கணக்கு அவள் கைக்கு வரும். அதுவரை காப்பாளர் கையெழுத்து, அதன் பிறகு அவள் கையெழுத்து. அவளுடைய ஆதார், பான், புகைப்படம் எல்லாம் கொடுத்துக் கணக்கை அவள் பெயரில் மாற்றிக்கொள்ள வேண்டும். கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை நெருக்கடியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், பிறந்தநாள் முடிந்த கையோடு செய்துவிடுவது நல்லது.

கணக்கின் வயது: 15, 21

பணம் கட்ட வேண்டியது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், கட்டவும் முடியாது. கணக்கு மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும். 21 ஆண்டு நிறைந்ததும் முதிர்வு.

அந்த ஆறு ஆண்டுகளைச் சும்மா இருக்கும் காலம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று கணக்கு தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே 12,000 ரூபாய் கட்டுவதாகவும், வட்டி கடைசி வரை 8.2 சதவீதமாகவே இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 15 ஆண்டுகளில் கட்டியது 1,80,000. பதினைந்தாம் ஆண்டு முடிவில் கணக்கில் இருப்பது சுமார் 3,58,000. எதுவும் கட்டாத அடுத்த ஆறு ஆண்டுகளில் அது சுமார் 5,74,500 ஆகிறது. அதாவது, 15 ஆண்டுகளில் சேர்ந்த வட்டி 1,78,000 ரூபாய் என்றால், கடைசி ஆறு ஆண்டுகளில் மட்டும் சேர்வது 2,16,000 ரூபாய்க்கு மேல். கூட்டு வட்டி தன் வேலையை முழுமையாகக் காட்டுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதனால்தான் மகள் பிறந்த சூட்டோடு தொடங்கச் சொல்கிறோம். கல்லூரிச் செலவு வருவதற்கு முன்பே கணக்கு போதிய வயதை எட்டியிருக்கும்.

இந்த 5,74,500ஐப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், 21 ஆண்டு கழித்து வரும் அந்தத் தொகையால் வாங்கக்கூடியதை இன்றைய விலையில் சுமார் 2,06,000 ரூபாய்க்கு வாங்கிவிடலாம். கட்டிய பணம் தேயாமல் மதிப்போடு வளர்ந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் மாதம் 1,000 ரூபாயில் மருத்துவப் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து வழி பிறந்துவிடும் என்று திட்டம் போட முடியாது. சம்பளம் உயரும்போது கட்டும் தொகையையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இந்தக் கணக்கில் அதற்குத் தடையே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம், உச்சவரம்பைத் தாண்டாமல்.

நிதியாண்டும் மாதத்தின் 5ஆம் தேதியும்

ஒரு நிதியாண்டில் குறைந்தது 250 ரூபாய், அதிகம் 1,50,000 ரூபாய். 50 ரூபாயின் மடங்காகக் கட்டலாம். மாதாமாதம் கட்டலாம், கையில் பணம் வரும்போதெல்லாம் கட்டலாம், ஒரே தடவையிலும் கட்டலாம். தொடக்கத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாயாக இருந்தது, 2018இல் 250 ஆகக் குறைத்தார்கள். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பமும் கணக்கை உயிரோடு வைத்திருக்க இது பெரிய உதவி. தவறி 1,50,000க்கு மேல் கட்டிவிட்டால் கூடுதலான பணத்துக்கு வட்டி கிடையாது, அது திருப்பித் தரப்படும்.

வட்டி கணக்கிடும் முறைதான் இங்கே கவனித்துப் படிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவில் தொடங்கி மாதக் கடைசி வரை கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஏப்ரல் 4 அன்று 1,50,000 ரூபாய் கட்டினால் ஏப்ரல் மாத வட்டி முழுதாகக் கிடைக்கும். அதையே ஏப்ரல் 7 அன்று கட்டினால் அந்தத் தொகைக்கு ஏப்ரலில் வட்டி இல்லை. 8.2 சதவீதத்தில் அது 1,025 ரூபாய். மூன்று நாள் தாமதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

காசோலை கொடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காசோலையை நீட்டிய தேதி கணக்கில் வராது, பணமான தேதிதான் கட்டிய தேதி. 4ஆம் தேதி காசோலை கொடுத்து அது 6ஆம் தேதி பணமானால் அந்த மாத வட்டி போயிற்று. ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால் அன்று வாடிக்கையாளர் வேலை நடக்காது. நடுவில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு விடுமுறையும் வந்தால் 5ஆம் தேதிக்குள் கிடைப்பது இரண்டு, மூன்று வேலை நாள்தான்.

இதே 12,000 ரூபாயை எந்தத் தேதியில் கட்டுகிறோம் என்பதால் 21 ஆண்டு முடிவில் என்ன வித்தியாசம் வரும்? மேலே சொன்ன அதே கணக்குதான். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே தடவையாகக் கட்டினால் 5,74,500. மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டினால் சுமார் 5,54,600. அதே 1,000 ரூபாயை 10ஆம் தேதி வாக்கில் கட்டிவந்தால் சுமார் 5,51,000. வரிச் சலுகைக்காக மார்ச் கடைசியில் ஓடிப்போய் 12,000 கட்டுபவருக்குச் சுமார் 5,31,000. முதலாமவருக்கும் கடைசியில் உள்ளவருக்கும் கட்டிய பணம் ஒன்றே. வித்தியாசம் 43,500 ரூபாய். மாதச் சம்பளத்தில் எடுத்து வைப்பவரால் ஏப்ரலில் மொத்தமாகப் புரட்ட முடியாது என்பது புரிகிறது. அவர்கள் 5ஆம் தேதிக்குள் கட்டுவதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். சம்பளம் 7ஆம் தேதிதான் வரும் என்றால், வந்த பணத்தைத் தனியாக எடுத்து வைத்து அடுத்த மாதம் 1ஆம் தேதி கட்டினாலும் வட்டியில் குறை வராது. நடுவில் வேறு செலவுக்குக் கை நீளாமல் இருக்குமா என்பதை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நீளும் என்றால் 7ஆம் தேதியே கட்டிவிடுங்கள்.

ஓர் ஆண்டில் அந்த 250 ரூபாயும் கட்டாமல் விட்டால் கணக்கு தவறிய கணக்காகிவிடும். பதறத் தேவையில்லை. விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 250 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும் கட்டினால் கணக்கு மீண்டும் உயிர்பெறும். மூன்று ஆண்டு விட்டிருந்தால் 900 ரூபாய், அதோடு நடப்பு ஆண்டுக்கு 250. கணக்கு தொடங்கி 15 ஆண்டு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். புதுப்பிக்காமலே விட்டாலும் உள்ளே இருக்கும் பணத்துக்குத் திட்டத்தின் வட்டி முதிர்வு வரை வந்துகொண்டிருக்கும். இதில் 50 ரூபாய் அபராதம் பெரிய இழப்பல்ல. "கணக்கு செத்துப்போச்சு" என்று நினைத்து அப்படியே கைவிட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. பரண் மேல் கிடக்கும் பாஸ்புக் இருந்தால் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வட்டி நிலையானதல்ல

இன்று 8.2 சதவீதத்தில் தொடங்கினால் 21 ஆண்டும் 8.2 கிடைக்கும் என்று எண்ணுவது இன்னொரு தவறு. நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுசேமிப்பு வட்டியை அறிவிக்கிறது. அறிவிக்கப்படும் விகிதம், கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பணம் உட்பட முழு இருப்புக்கும் பொருந்தும். தேசிய சேமிப்புப் பத்திரம் போல வாங்கிய நாளின் வட்டி கடைசி வரை பூட்டி வைக்கப்படுவதில்லை. 2015-16இல் 9.2 சதவீதமாக இருந்தது. பிறகு இறங்கியும் இடையில் சற்று ஏறியும் 2020 ஏப்ரலில் 7.6 ஆனது. 2023 ஏப்ரலில் 8, 2024 ஜனவரியில் 8.2. மேலே போட்ட கணக்கெல்லாம் 8.2இல் போட்டவை என்பதால் அவற்றை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாமல் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த வட்டி நிதியாண்டு முடிவில், மார்ச் 31 தேதியில், அசலோடு சேர்க்கப்படும். ஏப்ரலில் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிச் சரிபார்க்கும் பழக்கம் நல்லது.

கல்லூரிக் கட்டணத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்?

மகளுக்கு 18 நிறைந்தாலோ, அதற்கு முன்பே 10ஆம் வகுப்பு தேறிவிட்டாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதிலிருந்து படிப்புக்காகப் பணம் எடுக்கலாம். முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பில் பாதி வரைதான் வரம்பு. அந்தப் பாதிக்குள்ளும், கல்லூரி கேட்கும் கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். சேர்க்கை உறுதிக் கடிதமோ கட்டண ரசீதோ கட்டாயம் காட்ட வேண்டும். ஒரே தடவையாக எடுக்கலாம், அல்லது ஆண்டுக்கு ஒருமுறை வீதம் ஐந்து ஆண்டு வரை தவணையாக எடுக்கலாம்.

மகளின் வயதும் கணக்கின் வயதும் மோதும் இடம் இதுதான். மூன்று வீடுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் மகளுக்கு 1 வயதில் தொடங்கினார். மகள் 18ஐத் தொடும்போது கணக்குக்கு வயது 17, இருப்பு சுமார் 4,19,000, எடுக்கக்கூடியது 2,09,000. இன்னொருவர் 4 வயதில் தொடங்கினார். கணக்குக்கு வயது 14, இருப்பு சுமார் 3,19,000, எடுக்கக்கூடியது 1,59,000. மூன்றாமவர் 9 வயதில் தொடங்கினார். கணக்குக்கு வயது 9, இருப்பு சுமார் 1,63,000, எடுக்கக்கூடியது 81,000 சொச்சம்தான். மீதி அவளுக்கு 30 வயதாகும் வரை அல்லது கல்யாணம் வரை உள்ளே இருக்கும்.

எங்கள் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். மகளுக்கு 7, 8 வயது ஆகிவிட்ட பிறகு, கல்லூரிச் செலவை மட்டும் மனதில் வைத்து எல்லாப் பணத்தையும் செல்வமகளில் போடாதீர்கள். ஒரு பகுதியை இதில் போட்டுவிட்டு, 18ஆம் வயதில் முழுதாக எடுக்கக்கூடிய தொடர் வைப்பு, நிரந்தர வைப்பு போன்றவற்றில் மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கின் மேல் கடன் வாங்கும் வசதியும் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

முதிர்வுக்கு முன் மூடுவது

கல்யாணத்துக்காக மூடலாம். மகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். வயதை உறுதிசெய்யும் பத்திரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்து, கல்யாணம் முடிந்து மூன்று மாதம் வரைதான் அனுமதி. ஆறு மாதம் முன்னதாகவே எடுத்து நகை வாங்கி வைக்கலாம் என்று திட்டம் போட்டால் நடக்காது. மண்டபத்துக்கும் நகைக்கும் முன்பணம் கட்ட வேறு ஏற்பாடு வேண்டும்.

கணக்குக்கு உரிய பெண் இறந்துபோனால் உடனே மூடி, வட்டியோடு காப்பாளரிடம் தருவார்கள். அவளுக்கு உயிருக்கு ஆபத்தான நோய் வந்தாலோ, காப்பாளர் இறந்து கணக்கைத் தொடர்வது குடும்பத்துக்குப் பெரும் சுமையானாலோ, ஆவணங்களைப் பார்த்து மூட அனுமதிப்பார்கள். இதற்குக் கணக்கு தொடங்கி ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். காப்பாளரான தந்தை இறந்துவிட்டால் மூடத்தான் வேண்டும் என்றில்லை. தாய் காப்பாளராகி, ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டிக்கொண்டே கணக்கைக் காப்பாற்றலாம். அந்தத் துயரமான நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் இதை எடுத்துச் சொன்னால் ஒரு பெண்ணின் சேமிப்பு பிழைக்கும்.

தொடங்கும் நாளில்

விண்ணப்பப் படிவம், மகளின் பிறப்புச் சான்றிதழ், காப்பாளரின் ஆதாரும் பான் அட்டையும், இருவரின் புகைப்படம், முதல் தவணைப் பணம். குழந்தைக்கு ஆதார் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். 2023 ஏப்ரலிலிருந்து சிறுசேமிப்புக் கணக்குகளுக்கு ஆதார் கட்டாயமாகிவிட்டது.

வேலை தடைப்படுவது பெரும்பாலும் பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே பதியாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. அடுத்தது இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் 'கயல்விழி', ஆதாரில் 'கயல்விழி மு', பள்ளியில் 'மு. கயல்விழி'. பின்னாளில் பான் அட்டை எடுக்கும்போது இனிஷியல் விரிந்து அப்பா பெயராக வந்து உட்காரும். 18ஆம் வயதில் கணக்கை அவள் பெயரில் மாற்றும்போது இந்த நான்கும் நான்கு பேர் போலத் தெரியும். தொடங்கும்போதே பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் ஆதாரையும் ஒன்றுபடுத்திக்கொண்டு, அதே எழுத்துகளைப் படிவத்தில் எழுதுங்கள். பாஸ்புக் கைக்கு வந்ததும் மகள் பெயர், பிறந்த தேதி, காப்பாளர் பெயர், கணக்கு தொடங்கிய தேதி நான்கையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தால் அன்றைக்குத் திருத்துவது எளிது, பதினேழு ஆண்டு கழித்து அலைச்சல்.

முதல் முறை நேரில் போக வேண்டும். அஞ்சலகக் கணக்காக இருந்தால், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்கு வைத்து அதன் செயலி வழியாக வீட்டிலிருந்தே கட்டலாம். அதற்குச் செல்வமகள் கணக்கு எண்ணும் வாடிக்கையாளர் எண்ணும் தேவைப்படும். வங்கிக் கணக்காக இருந்தால் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்து வைக்கலாம். தேதியை 1 அல்லது 2 என்று குறிப்பிடுங்கள். பிறர் கையில் பணம் கொடுத்துக் கட்டச் சொல்பவர்கள் ரசீதோ பாஸ்புக் பதிவோ பார்க்காமல் அடுத்த தவணையைக் கொடுக்க வேண்டாம். ஊர் மாறினால் கணக்கையும் இந்தியாவுக்குள் எங்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கும் வங்கியிலிருந்து அஞ்சலகத்துக்கும்கூட. மாற்றினாலும் கணக்கின் வயது முதல் நாளிலிருந்தே எண்ணப்படும்.

வரி

கட்டும் பணத்துக்கு, 80சி என்று நாம் பழகிய 1,50,000 ரூபாய்க் கழிவு உண்டு. இது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கழிவு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கும் முதிர்வில் வரும் தொகைக்கும் இரண்டு முறையிலும் வரி இல்லை. இரண்டு மகள்கள் இருந்தால் இரண்டு கணக்கிலும் தலா 1,50,000 கட்டலாம், கழிவு மட்டும் ஒருவருக்கு மொத்தம் 1,50,000தான்.

மகன் இருக்கும் வீட்டில்

'பொன்மகன்' என்ற பெயரில் தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் 2015இல் அறிமுகமானது தனித் திட்டமல்ல. ஏற்கெனவே இருக்கும் பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப் கணக்குதான். ஆண், பெண் என்ற பேதமோ 10 வயது வரம்போ அதில் இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய். வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம். ஆண்டுக்கு 12,000 வீதம் ஏப்ரலில் கட்டிவந்தால், அந்த வட்டியில் 15 ஆண்டு முடிவில் சுமார் 3,25,000 சேரும். செல்வமகளில் அதே 15 ஆண்டு முடிவில் 3,58,000 என்று மேலே பார்த்தோம். வேண்டுமானால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். கவனிக்க வேண்டியது உச்சவரம்பு. தந்தை தன் பிபிஎஃப் கணக்கில் கட்டுவதும், காப்பாளராக இருந்து மகன் கணக்கில் கட்டுவதும் சேர்த்து 1,50,000ஐத் தாண்டக்கூடாது. செல்வமகளில் இந்தச் சேர்த்துப் பார்க்கும் விதி இல்லை.

2024 செப்டம்பர் 18 அன்று தொடங்கிய என்பிஎஸ் வாத்சல்யாவும் குழந்தைகளுக்கான அரசின் ஏற்பாடுதான். ஆனால் அது ஓய்வூதியத் திட்டத்தின் குழந்தைப் பருவம். பணம் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடாகும், வருமானத்துக்கு அரசு உத்தரவாதம் இல்லை. செல்வமகளையும் அதையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

முதிரும்போது

21 ஆண்டு நிறைந்த நாளுக்குப் பிறகு இந்தக் கணக்கில் வட்டி ஏறாது. ஆகவே முதிர்வுத் தேதியைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். மகள் தன் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்புக் ஆகியவற்றோடு மூடும் படிவத்தைக் கொடுத்தால் பணம் அவளுடைய வங்கிக் கணக்கில் சேரும். 2015இல் முதல் அலையில் தொடங்கிய கணக்குகளில் பணம் கட்டும் காலம் 2030இல் முடிகிறது, முதிர்வு 2036இல். அந்தக் கணக்குகளில் ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால், 250உம் 50உம் கட்டிச் சரிசெய்ய 2030இல் அந்தக் கணக்கு தொடங்கிய தேதி வரும் வரைதான் நேரம்.